அண்ணா எழுதிக் கொடுத்த தாள்

ஆஸ்பத்திரியில் கொடுத்த விண்ணப்பத்தில் முக்கால்வாசிக் கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதிவிட்டேன். தகப்பனார் பெயர், வயது, மதம், படிப்பு, பேசத் தெரிந்த மொழிகள், அம்மை குத்திக்கொண்டது உண்டா, இதற்குமுன் பார்த்த வேலை என்ன. அதற்கப்புறம் ஒரு வரியில் மணமாகாதவர், மணமானவர், விதவை என்று மூன்று வார்த்தைகளை அச்சடித்து, பொருந்தாதவற்றை அடித்துவிடும்படி போட்டிருந்தார்கள். முதல் வார்த்தையை அடித்தேன். மற்ற இரண்டில் எதை அடிப்பது என்று தெரியாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. காளிகாட்டில், கோயிலுக்குப் போகும் சந்து ஒன்றில் அண்ணா வீட்டில் இருந்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்த அண்ணா ஓர் ஆங்கிலேயக் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. அப்பாவும் அம்மாவும் போனபிறகு என்னைக் கல்கத்தாவுக்கு அழைத்துவந்து, பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படிக்கவைத்து, நடுவிலேயே கல்யாணமும் செய்துவைத்தார். கும்பகோணத்தில் புக்ககத்தில் மூன்று வருஷம் இருந்தேன். பிறகு என் கணவர் உத்தியோகம் தேடி ரங்கூனுக்குக் கப்பலேறினார். மூன்று கடிதங்கள் வந்தன. நாலாவது வரவில்லை. ஒரு வருஷம் பார்த்துவிட்டு மாமியார் என்னை அண்ணா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அதன்பின் எட்டு வருஷம் ஓடிப்போயிற்று.

சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, தங்கள் பெண்களுக்காக ஒரு மாடியில் இரண்டு அறை பிடித்துப் பள்ளிக்கூடம் வைத்திருந்தார்கள். அதில் ஐந்து வருஷம் வாத்தியாராக இருந்தேன். தமிழ், கணக்கு, இங்கிலீஷ் முதல் பாடம், தையல் எல்லாம் நான்தான். குழந்தைகளை அழைத்துப்போக வரும் அம்மாக்கள் படியிலேயே நின்று, "ரங்கூன்லேர்ந்து ஏதாவது கடுதாசு வந்துதா?" என்று கேட்பார்கள். கேட்கும்போதே கண் என் நெற்றிக்குப் போகும். குங்குமம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே பெரிதாக இட்டுக்கொண்டு போவேன்.

ஜெர்மன் சண்டை முடிந்த கையோடு ஊரில் விஷ ஜுரம் பரவியது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். எங்கள் வீட்டில் முதலில் அண்ணாவின் பெண் விழுந்தாள். பிறகு மன்னி. மூன்றாம் நாள் அண்ணா. சமையற்காரர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஹௌராவில் ரயிலேறிவிட்டார். எனக்கு மட்டும் ஏனோ ஜுரம் வரவில்லை. மூன்று பேரையும் ஒரே கூடத்தில் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டேன். வைத்தியம் பார்த்த வங்காளி டாக்டர் தெர்மாமீட்டர் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடத்துச் சிலேட்டில் மூன்று கோடு போட்டு ஒவ்வொருவர் ஜுரத்தையும் எழுதிவைத்தேன். அண்ணாவுக்குத்தான் மோசம். நினைவு தப்பி, இருந்த இடத்திலேயே எல்லாம் போனது. துடைத்து, வேஷ்டி மாற்றி, புரட்டிப் படுக்கவைத்து, மறுபடி துடைத்து. எனக்கு அருவருப்பாக இருக்கவில்லை. இன்னும் உண்மையைச் சொல்வதானால், அந்தப் பன்னிரண்டு நாளும் நான் ரங்கூனை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

மூவரும் பிழைத்தார்கள். கடைசியாக வந்த அன்று டாக்டர் சிலேட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தீதி, நர்ஸ் வைத்திருக்கிற வீடுகளில்கூட இவ்வளவு ஒழுங்கை நான் பார்க்கவில்லை. நீங்கள் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டியவர்" என்று வங்காளியில் சொன்னார். தீதி என்றால் அக்கா.

பள்ளிக்கூடம் திறந்தது. இரண்டு பெண்கள் வரவில்லை. ஒருத்தி என் வகுப்பில் முதல் வரிசை. அவள் அம்மா தினமும் அழைத்துப்போக வருவாளே, அவள் பிழைத்திருந்தாள், பெண் போய்விட்டாள். மற்றவர்கள் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தார்கள். நான் ஜன்னலோரம் நின்றுகொண்டு, அந்தக் குழந்தைக்கு யார் தெர்மாமீட்டர் வைத்தார்கள், யார் புரட்டிப் போட்டார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் அந்த அறையில் எனக்கு மனம் ஒட்டவில்லை.

ஒரு மாதம் கழித்து டாக்டரின் மருந்துக்கடைக்குப் போனேன். அவர் சொன்னதை நினைவுபடுத்தினேன்.

"அப்படிச் சொன்னேனா? பாராட்டாகச் சொன்னது தீதி. அதைப் போய்... அங்கெல்லாம் ஜாதி பார்க்காத பிரம்மோ சமாஜப் பெண்கள்கூட அதிகம் இல்லை. கிறிஸ்தவப் பெண்களும் ஆங்கிலோ-இந்தியப் பெண்களும்தான். உங்கள் வீட்டில் ஒத்துக்கொள்வார்களா?"

"நீங்கள் முகவரியைக் கொடுங்கள்" என்றேன். கொடுத்தார். நன்னடத்தைக்கு ஒரு கடிதமும் எழுதிக்கொடுத்தார், வாசலைப் பார்த்தபடியே.

வீட்டில் அன்று சாயங்காலமே சொன்னேன். அண்ணா ஆபீஸிலிருந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"என்ன வேலை?"

"நர்ஸ் வேலை. மூணு வருஷம் படிக்கணும். அங்கேயே தங்கிக்கணும்."

"கண்டவன் மலத்தை அள்ளற வேலை."

"உனக்குப் பண்ணலையா அண்ணா?"

"நான் உன் கூடப் பொறந்தவன்டி. அதுவும் இதுவும் ஒண்ணா?" டம்ளரைத் தரையில் வைத்த சத்தத்தில் மன்னி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உன்னை எட்டாவதுவரைக்கும் படிக்கவெச்சது இதுக்கில்லே. நம்மாத்துல ஒரு பொண்ணு வளர்றா. நாளைக்கு வரன் பார்க்கணும். அத்தை என்ன பண்றான்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"அத்தையோட ஆம்படையான் எங்கேன்னு கேட்டா இப்போ என்ன சொல்றே?"

அவர் எழுந்து கை அலம்பப் போய்விட்டார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். கோபம் என்று நினைத்தேன்.

அவரைக் கேட்காமலே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டிராமில் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. குமாஸ்தா ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, பிரசவ வார்டு பின்பக்கம் என்றார். நர்ஸ் படிப்பில் சேர வந்திருக்கிறேன் என்றதும் அடுத்த மேஜைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அவர் நீட்டிய விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபின், நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் கூப்பிட்டாள். வெள்ளைக்காரி, ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவள். நிற்கவைத்தே பேசினாள்.

"வாத்தியார் வேலையை ஏன் விடுகிறாய்?"

யோசித்து வைத்திருந்த இங்கிலீஷ் வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோயின. "எனக்கு இது வரும்" என்றேன்.

"எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஹிந்துப் பெண்கள் இருவர் வந்தார்கள். ஒருத்தி ஒரு வாரம். ஒருத்தி ஒரு நாள். நீ எந்தத் தட்டில் சாப்பிடுவாய், யார் சமைப்பார்கள் என்பதெல்லாம் என் கவலை இல்லை. வா."

வார்டுக்குக் கூட்டிப்போனாள். கோடிக் கட்டிலில் ஒரு கிழவி. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். பக்கத்தில் வாளியும் துணியும் இருந்தன. மேட்ரன் சுவரோரம் நின்றுகொண்டாள். நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிழவியிடம் வங்காளியில் சொல்லிவிட்டு அவளைப் புரட்டினேன். நாற்றம் அடித்தது. கிழவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முனகினாள். அசிங்கமாகியிருந்த விரிப்பை ஒரு பக்கமாகச் சுருட்டி, துடைத்து, புதிய விரிப்பைப் போட்டேன். அண்ணாவுக்குச் செய்து பழகிய வரிசை அப்படியே கைக்கு வந்தது.

"வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டா துடைத்தாய்?" என்றாள் மேட்ரன்.

"ஆமாம்."

பாராட்டு எதுவும் இல்லை. அறைக்குத் திரும்பி விண்ணப்பத்தைப் புரட்டினாள். அடிக்காமல் விட்ட இரண்டு வார்த்தைகளில் விரலை வைத்தாள். கணவர் ஒன்பது வருஷமாகக் காணவில்லை என்றேன்.

"அது இங்கே ஒரு பதில் ஆகாது. விதவை என்றால் உன் பாதுகாவலர் எழுதிக் கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும். மணமானவள் என்றால் கணவர் கைப்பட எழுதிய சம்மதம் வேண்டும். நாளைக்கு ஒருவன் வந்து என் மனைவி எங்கே என்று வாசலில் நிற்கக் கூடாது. அடுத்த திங்கட்கிழமைக்குள் கொண்டுவா. இல்லையென்றால் இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவேன்."

புதன்கிழமையே என் பள்ளிக்கூட வேலை போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலில் என்னை யாரோ பார்த்துப் பள்ளிக்கூடச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் அண்ணாவின் சிநேகிதர், கெட்டவர் இல்லை. வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டார்.

"நீயே நின்னுக்கோம்மா. உடம்பு சரியில்லேன்னு சொல்லிடறேன். உங்க அண்ணாவுக்காக இந்த விஷயம் என் வாயிலேர்ந்து வெளியில போகாது" என்றார். ஐந்து வருஷம் அந்தக் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டிருக்கிறேன். அவர்களிடம் சொல்லிக்கொண்டு போகக்கூட விடவில்லை.

இனித் திரும்பிப் போக இடம் இல்லை என்று ஆனபிறகு சனிக்கிழமை ராத்திரி அண்ணாவிடம் போனேன். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மேட்ரன் கேட்டதைச் சொன்னேன். கத்துவார், அழுவார், கதவைச் சாத்துவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவர் பேப்பரை மடித்தார்.

"கைம்பெண்ணுன்னு எழுதிக் குடுத்தா சேர்த்துப்பாளா?"

"சேர்த்துப்பா."

"அங்கேயே தங்கிப்பியா? வாரா வாரம் இங்கே வந்துண்டு இருக்கமாட்டியே?"

"நீ வரவேண்டாம்னா வரலை."

மேஜைக்குப் போய்க் கம்பெனிப் பெயர் போடாத வெள்ளைத் தாளாகப் பார்த்து எடுத்தார். அழகான கையெழுத்து அவருக்கு. அதை வைத்துத்தான் அந்தக் கம்பெனியில் அவர் மேலே வந்தார். என் கணவர் ரங்கூனில் காலமாகிவிட்டதாக இரண்டே வரி. எங்கேயும் பேனா நிற்கவில்லை. நான் கேட்டுத்தான் எழுதினார். ஆனாலும் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

மறுநாள் காலை, குளித்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தேன். வார்டில் கழுத்தில் சங்கிலி, கயிறு எதுவும் கூடாது என்பது விதி. அதோடு, விதவை என்று தாள் சொல்கிறது. கழுத்தில் தாலியோடு போய் நின்றால் சிரிப்பார்கள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தேன். துணி உலர்த்த வந்த மன்னி என்னைப் பார்த்தாள். கையிலிருந்த ஈரப் புடவையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி பண்றே, பாவி! விடு! எங்காத்து முற்றத்துலயா? அவர் உசுரோட இருக்கறச்சே தாலியை அவுக்கறியே!"

"யார் சொன்னா உசுரோட இருக்கார்னு?"

மன்னியின் பிடி தளர்ந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து நின்று மறுபடி கேட்டேன். அவள் அழ ஆரம்பித்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்கண்ணாவைக் கேளு. சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிண்டார்."

அண்ணா சந்தியாவந்தனம் முடித்துக்கொண்டு வரும்வரை கூடத்தில் நின்றேன். அவர் என் முகத்தையும் மன்னியின் முகத்தையும் பார்த்தார். பெட்டியைத் திறந்து ஒரு கவரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கடிதம். ரங்கூன் முத்திரை. அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறாராம். அங்கத்திய பெண் ஒருத்தியோடு குடும்பம், இரண்டு குழந்தைகள். இனித் திரும்புவதாக இல்லை. கடைசியில் என்னைப் பற்றி ஒரு வரி: "அவள் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், படிப்போ வேலையோ அவள் இஷ்டம்போல் செய்துகொள்ள எனக்கு ஆட்சேபணை கிடையாது."

நான் அதை மூன்று தடவை படித்தேன். மேட்ரன் கேட்டாளே, கணவர் கைப்பட எழுதிய சம்மதம், அது அந்தப் பெட்டிக்குள் என் கல்யாணப் பத்திரிகையோடு இரண்டு வருஷமாகக் கிடந்திருக்கிறது.

"ஏன் அண்ணா சொல்லலை?"

"சொன்னா என்ன ஆகும்? நீ ஒப்பாரி வெப்பே. பள்ளிக்கூடத்துல தெரியும், ஆபீஸ்ல தெரியும். புருஷன் வேண்டாம்னு தள்ளிவெச்சவளோட அண்ணா பொண்ணுக்கு எவன் வரன் குடுப்பான்? காணலைன்னா பாவம்னு விட்டுடுவா. இன்னும் ரெண்டு வருஷம் குங்குமம் இட்டுண்டு மரியாதையா இருந்தியா இல்லையா?"

"நேத்து ராத்திரி கைம்பெண்ணுன்னு எழுதினியே?"

"நீ கேட்டே. எழுதினேன்."

அவருடைய குரலில் துளி வருத்தம் இருந்திருந்தால் அவர் காலில் விழுந்து அழுதிருப்பேன். ஆபீஸில் ஒரு தபாலுக்குப் பதில் எழுதி முடித்த மாதிரி இருந்தது.

அன்று பகல் முழுக்க இரண்டு தாள்களையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்று நிஜம். மற்றது பொய். நிஜத்தைக் கொண்டுபோனால் அதை மேட்ரனுக்கு நானே இங்கிலீஷில் வரி வரியாகப் படித்துச் சொல்ல வேண்டும். அரிசி ஆலை, அந்தப் பெண், இரண்டு குழந்தைகள், ஆட்சேபணை கிடையாது. அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பாள். அந்தக் குமாஸ்தாவும் தெரிந்துகொள்வான். என்னால் முடியாது என்று தோன்றியது. பொய்த் தாளையே எடுத்துக்கொண்டேன். தாலியை முற்றத்தில் அவிழ்க்கவில்லை. மன்னி கெஞ்சினதால் திங்கட்கிழமை டிராமிலிருந்து இறங்கியபின், ஆஸ்பத்திரிச் சுவர் ஓரமாக நின்று அவிழ்த்துக் கைப்பெட்டிக்குள் போட்டேன். நெற்றியைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.

மேட்ரன் தாளைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். "நான் வருந்துகிறேன்" என்றாள், முதல் தடவையாக மெதுவான குரலில். உயிரோடு ரங்கூனில் அரிசிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு மனிதருக்காக அவள் சொன்ன அனுதாபத்தை நான் வாங்கிக்கொண்டேன். "நன்றி" என்றும் சொன்னேன். அவள் என் பெயரைப் பெரிய நோட்டில் எழுதிக்கொண்டாள்.

முதல் ஆறு மாதம் நரகம். கூடத்தில் மற்ற பெண்கள் சாப்பிடும் நேரத்தில் என்னால் உட்கார முடியவில்லை. தனியாகச் சோறு பொங்கிக்கொள்ள ஓர் அடுப்பு கேட்டேன். இதென்ன தர்மசத்திரமா என்று கேட்டார்கள். ரொட்டியும் பாலும் வாழைப்பழமுமாக மூன்று மாதம் ஓட்டினேன். பிறகு ஒருநாள் பசி தாங்காமல் கூடத்துக்குப் போய் எல்லோரோடும் உட்கார்ந்து, மீன் துண்டை ஒதுக்கிவிட்டுக் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டேன். எதிரே இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. மூன்று மாதம் யாருக்காக அந்த ஆசாரத்தைக் கட்டிக்காத்தேன் என்றுதான் கோபம் வந்தது.

வேலை மட்டும் என்னை ஏமாற்றவில்லை. புண் கட்ட, மருந்து அளக்க, செத்தவர்களைக் குளிப்பாட்ட, எல்லாம் வந்தது. மூன்றாம் வருஷத்தில் பிரசவ வார்டில் போட்டார்கள். அண்ணா ஒரு தடவையும் வரவில்லை. நான் எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றி நானும் காளிகாட் பக்கம் போகவில்லை.

அந்த வருஷம் மழை ஆரம்பித்த சமயத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வீட்டில் பிரசவமாகி, ஜுரம் ஏறி, கடைசிக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு. கூட அவள் அம்மாவும் கைக்குழந்தையும். நான் வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனுமாகப் போய் நின்றதும் அந்த அம்மாள் பெண்ணிடம், "எந்த ஜாதியோ, தொடப்போறாடி, பல்லைக் கடிச்சுண்டு இரு" என்றாள்.

"எங்கே வலிக்கறது?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

என் தமிழைக் கேட்டு இருவரும் அசந்துபோனார்கள். பெண் என் கையைப் பிடித்தவள் விடவில்லை. நாலு நாளில் ஜுரம் இறங்கியது. அம்மாள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவர்கள் கல்கத்தாவுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு எங்கே உத்தியோகம் என்று கேட்டேன். அண்ணாவின் கம்பெனியைச் சொன்னாள். அண்ணாவுக்குக் கீழேதான் வேலை.

"அவர் ரொம்ப நல்ல மனுஷர்" என்றாள் அம்மாள். "அவர்தான் எங்களுக்கு இங்கே ஜாகை பார்த்துக் குடுத்தார். போன மாசம் அவர் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சு, எங்களைக் கூப்பிட்டிருந்தார். நல்ல இடம்."

"கல்யாணம் ஆயிடுத்தா?" என்றேன். என் தோளில் படுத்துத் தூங்கின குழந்தை. ஜுரத்தில் 'அத்தை, அத்தை' என்று என்னைத்தான் கூப்பிட்டாள்.

"ஆச்சே. அவருக்கு ஒரு தங்கை இருக்காளாம். அவளால வரமுடியலைன்னு அவருக்கு ரொம்பக் குறை."

"ஏன் வரலையாம்?"

"ரங்கூன்ல இருக்கா. புருஷன் அங்கே பெரிய வேலையாம். மொதல்ல விட்டுட்டுப் போயிருந்தானாம், அப்பறம் வந்து அழைச்சுண்டு போனானாம். ரெண்டு குழந்தைகள், சௌக்யமா இருக்காளாம். பந்தல்ல அத்தனை பேரும் அவளைத்தான் விசாரிச்சா." அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உன்னைப் பார்த்தாலும் நல்ல குடும்பத்துப் பொண்ணாத்தான் தெரியறது. நீ யாராத்துப் பொண்ணும்மா?"

கட்டிலில் இருந்த பெண்ணும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். குழந்தை சிணுங்கியது. அதைத் தூக்கி அவள் பக்கத்தில் விட்டேன்.

"தஞ்சாவூர்ப் பக்கம்" என்றேன். "நீங்க கொஞ்சம் வெளியில இருங்கோ மாமி. இவளுக்கு உடம்பு துடைக்கணும்."